யன்னல் பக்கம் திரும்பி நின்றவர்

வேறொருவர் கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விழியைத் தாழ்த்துவதோடு நிறுத்துபவர் அல்லர்; கழுத்தோடும் தோளோடும் யன்னல் பக்கம் முழுமையாகத் திரும்பி, வாவியைப் பார்த்தபடி நிற்பார். விசைகளின் ஒலி ஓய்ந்த பின்னும் சில கணம் பொறுத்து, "முடிஞ்சுதா புள்ள?" என்று கேட்பார். ஆம் என்ற பிறகே திரும்புவார். அந்த யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. கரையில் கவிழ்ந்து கிடந்த இரண்டு தோணிகள், மதிலின்மேல் காயும் வலை, அப்பால் கல்லடிப் பாலத்தின் இரும்பு வளைவுகள். ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழிப்பேரலையில் கடல் ஊருக்குள் புகுந்து இரண்டு மாதம் கழிந்தபோது, நகரப் பக்கத்து வாவிக்கரையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து எங்கள் நிவாரண அலுவலகம் தொடங்கியது. இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிவுசெய்யும் எழுதுநராக நான் சேர்ந்தேன். கணினிகளையும் அவற்றை இணைத்த வலையமைப்பையும் பராமரிக்க அவர் வந்தார். எல்லோரும் அவரை 'சேர்' என்று மட்டுமே அழைத்தோம். பதிவுகள் யாவும் சேரும் பொதுக் கணினியை வீட்டின் சாமியறையில் வைத்தார், உறுதியான பூட்டு இருந்தது அந்த அறைக்கு மட்டும்தான் என்பதால். சுவரில் படங்கள் தொங்கிய ஆணிகள் அப்படியே இருந்தன. அவற்றுள் ஒன்றில் தம் குடையை மாட்டுவார்.

எது கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான். "அது உங்களுக்குத் தேவையோ?" ஏளனமோ கடுமையோ அதில் இராது. மருந்துக்கடைக்காரர் வயதைக் கேட்பதைப்போல் கேட்பார். தேவை என்று நாம் நிறுவினால், நிறுவிய அளவுக்கு உரிமை தருவார். வேலை முடிந்த அன்றே அதைத் திரும்ப எடுத்துவிடுவார். இந்த விதியிலிருந்து அவர் தமக்கும் விலக்கு அளித்ததில்லை. அவருக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. கடிதம் எழுதவும் செய்தி வாசிக்கவும் எங்களுடையதைப் போன்ற எளிய கணக்கு; முறைமையைத் திருத்த வேண்டிய வேளைக்கு மட்டும் முழு உரிமை உள்ள கணக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாளுக்குப் பத்து முறை மாறுவார். அது பெரிய அலுப்பு என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"அலுப்புத்தான் புள்ள. அலுப்பில்லாத பூட்டு, பூட்டில்ல."

எங்கள் சாரதி காத்தான்குடிக்காரர், முஸ்லிம். வாய் ஓயாதவர். சேர் மதியம் சாப்பிடப் போனால், அவர் கதிரையில் அமர்ந்து அவரைப் போலவே கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவார்.

"தங்கச்சி, நம்மட சேர் மௌத்தாகி மேல போனாலும் பாருங்க, சுவர்க்கத்து வாசல்ல நிண்டுக்கிட்டு மலக்குமாருட்டக் கேப்பாரு, இந்தக் கதவு முழுசாத் தொறக்கணுமா, ஒரு ஆள் போற அளவு காணாதாண்டு."

சேருக்கு இது தெரியும். ஒருமுறை கதவருகில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல கேள்விதானே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

எங்களுக்கு அவர் ஒரே ஒரு பாடம் நடத்தினார், அதுவும் மின்சாரம் நின்றிருந்த ஒரு முற்பகலில். கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை என்பது ஒரு வாயிற்காவலன். வந்திருப்பவன் யார் என்று கேட்கும், அவனுக்கு எதுவரை போக உரிமை என்று பார்க்கும், அவன் செய்தது என்ன என்று எழுதி வைக்கும். இந்த மூன்றும் ஒழுங்காக நடந்தால் போதும். வெளியாரைத் தடுக்கும் தீச்சுவர் முதலான மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்த மூன்றுக்குத் துணை. இவ்வளவே பாடம். முறைமை எழுதி வைத்ததை, அதாவது நிகழ்வுப் பதிவை, ஒவ்வொரு காலையும் தேநீர் ஆறும்வரை அவர் வரி வரியாக வாசிப்பார். பிறர் செய்தித்தாள் வாசித்து வருந்திய நாள்களில் அவர் அதை வாசித்து வருந்தினார்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் எழுதுவது எதற்கும் பொருள் இராது.

நாங்கள் மாங்கேணியைச் சேர்ந்தவர்கள். தங்கையை இயக்கம் போரிடக் கொண்டுபோனது. கிழக்கில் அவர்கள் இரண்டாகப் பிரிந்த ஆண்டில் பலரை வீட்டுக்கு விட்டார்கள். அவளும் வந்தாள். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கல்லடியில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்தபோதுதான் கடல் வந்தது. அம்மா போனார், தங்கை மிஞ்சினாள். அவளைத் தேடக்கூடியவர்கள் ஒரு தரப்பினர் மட்டும் இல்லை. திரும்பக் கொண்டுபோக விரும்பியோரும் இருந்தார்கள், விசாரிக்க விரும்பியோரும் இருந்தார்கள். அவளைப் போலத் திரும்பி வந்த பெண்களுக்குத் தையலும் தட்டச்சும் பயிற்றுவிக்க எங்கள் அலுவலகம் முன்வந்தது. அதற்காக அவர்களின் பெயரும் அவர்கள் தங்கியிருந்த வீடும் ஒரு தனிக் கோப்பில் பதியப்பட்டன. 'இரண்டாம் கோப்பு' என்போம். என் தங்கையின் வரியை நானே என் கையால் தட்டினேன்.

மறுநாள் அக்கோப்பைத் திறக்க முயன்றேன். திறக்கவில்லை. சாமியறைக்குப் போனேன்.

"நான் எழுதினத நானே பாக்க ஏலாதா சேர்?"

"எழுத உரிம தேவைப்பட்டது, தந்தன். பாக்கிறது வேற வேல. அது உங்களுக்குத் தேவையோ?"

"என்ட தங்கச்சி சேர் அதில இரிக்கிற."

"அதனாலதான் புள்ள."

அன்று அவர்மேல் கொண்ட கோபம் வெகு நாள் நீங்கவில்லை. பிறகுதான் அறிந்தேன், அலுவலகத் தலைவருக்கும் அக்கோப்பு மறுக்கப்பட்டிருந்தது. திறக்க உரிமை இல்லை என்பது மட்டுமில்லை, அவருடைய திரையில் அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. அதை மறைகுறியாக்கிப் பூட்டிய சொல் சேர் ஒருவரின் கையில் இருந்தது. பயிற்சிக்கு ஒருத்தியின் விவரம் வேண்டுமென்றால், அந்த ஒரு வரியை அச்சிட்டுத் தருவார். மாலையில் தாளைத் திரும்ப வாங்கிக் கிழிப்பார்.

சில மாதம் கழித்து, எங்கள் கடவுச்சொற்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்தார். அவர் செய்தது எளியது. கடலில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அப்போது பாடசாலை மதில்களிலும் கோயில் வாசல்களிலும் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கணினியில் இட்டு, ஒவ்வொரு பெயராக எங்கள் கணக்குகளில் முயன்று பார்க்கச் செய்தார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, யாரையும் பாராமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"முக்காவாசிக் கணக்கு திறபடுது. மதில்ல ஒட்டியிரிக்கிற லிஸ்ட்டால."

பணியாளர்களுள் பலர் அந்தப் பட்டியலில் யாரையாவது பறிகொடுத்தவர்கள். எத்தனையோ ஊர்களில் கடவுச்சொல்லாகப் பிறந்தநாளையும் பிள்ளையின் பெயரையும் வைப்பார்களாம். நாங்கள் இறந்தவர்களை வைத்திருந்தோம். காலையில் கணினியின் முன் அமர்ந்ததும் முதலில் அவர்களைத் தட்டிவிட்டே வேலையைத் தொடங்கினோம்.

எல்லோரும் கலைந்த பின் நான் நின்றேன்.

"அம்மாட பேரச் சொல்லிக் கூப்பிட எனக்கு வேற இடம் இல்ல சேர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"தெரியும். ஆனா மாத்துங்க."

மாற்றினேன். அம்மாவின் பெயருக்குப் பின்னால் மாங்கேணி என்று சேர்த்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றதால் அதைக் காணவில்லை. கண்டிருந்தால் அன்றே தடுத்திருப்பார்.

அவருடைய மனைவியை நான் முதன்முதலாகக் கண்டது கல்லடிக் கடற்கரையில் ஊரார் நினைவுக்கல் நாட்ட ஏற்பாடு செய்தபோது. கல்லில் பொறிக்கும் பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்திருந்தது. அவர் வெளியே போயிருந்த வேளையில், மெலிந்த ஒரு பெண் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். பட்டியலின் ஒரு வரியில் விரலை வைத்தார். 'பெயரிடப்படாத பெண் குழந்தை' என்று அதில் இருந்தது. கீழே சேரின் முகவரி.

"இது என்ட புள்ள. பேர் வைக்கல்லண்டு ஆரு சொன்ன?"

அந்தக் குழந்தை பிறந்து இருபதாம் நாள் கடல் வந்தது. எங்கள் வழக்கில் முப்பத்தோராம் நாள் பிள்ளைபெற்ற தீட்டான துடக்குக் கழித்துத்தான் பிள்ளையின் காதில் பெயர் சொல்வார்கள். அதற்குள் முடிந்துவிட்டது. பிறப்புப் பதிவிலும் பெயர் இல்லை.

"வெச்சிரிக்கு. அவரும் நானும் முதலே யோசிச்சு வெச்ச. ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அத இதில போடுங்க புள்ள."

பேனாவை எடுத்தேன். வாயைத் திறந்த அந்தப் பெண் வாசலைப் பார்த்து நிறுத்தினார். சேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார் அவர்.

"ஏன் வேணாம்?"

"இப்ப வேணாம். பொறகு."

"மத்தவங்கட புள்ளைகளுக்கெல்லாம் பேர் இரிக்கு. என்ட புள்ள மட்டும் என்ன, அனாதையா?"

அவர் குடையை எடுத்து விரித்து மனைவியின் கையில் கொடுத்தார். வெளியே கடும் வெயில். அந்தப் பெண் அதை மடக்கி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சேர்மேல் அன்று உண்டானது வெறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பூட்டிப் பூட்டியே பழகிய மனிதர், சொந்தப் பிள்ளையின் பெயரையும் உரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்க மறுக்கிறார் என்று எண்ணினேன். கல் நாட்டப்பட்டது. 'பெயரிடப்படாத பெண் குழந்தை' என்ற வரியோடு.

அதன்பின் நாட்கள் கெட்டன. வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, மாங்கேணியிலிருந்தும் சனம் நடந்தே வந்து சேர்ந்தது. முன்பு கடலால் பதிந்த குடும்பங்களையே இப்போது துவக்குச் சூட்டால் மறுபடியும் பதிந்தோம். பழைய அட்டையிலேயே புதிய முகாமின் பெயரை எழுதினோம். எழுதும்போது என் கை களைத்தது. சொல்பவர்களின் குரலும் களைத்திருந்தது. தங்கை பகலில் வெளியே வருவதை நிறுத்தினாள்.

கடல் வந்த நாளின் நினைவு அடுத்து வந்தபோது அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். அந்தக் காலையில் யார் எங்கே நிற்பார் என்பது ஊர் முழுவதும் அறிந்தது. மறுநாள் தேநீர் ஆறுவதற்குள் சேர் என்னைச் சாமியறைக்குக் கூப்பிட்டார். நிகழ்வுப் பதிவில் ஒரு வரியைக் காட்டினார். முந்தைய நாள் காலை, நான் அம்மாவின் பெயருக்கு முன்னால் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், என் கணக்கு அலுவலகத்துக் கணினி ஒன்றில் திறக்கப்பட்டிருந்தது. என் கணக்குக்கு உரிமையுள்ள அத்தனை கோப்புகளும் படியெடுக்கப்பட்டிருந்தன.

கடவுச்சொல் என்னவென்று அவர் கேட்கவில்லை. "அம்மாவோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் சேர்."

"ஊரையும் சேத்தீங்களோ?"

தலையசைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தங்கை ஒளிந்திருந்த வீட்டின் இலக்கத்தை நான் எழுதியது அந்தக் கணக்கிலிருந்துதான்.

"இரண்டாம் கோப்பு சேர்?"

"உங்கட கணக்குக்கு அது தெரியாது. அண்டைக்குக் கோவிச்சீங்களே." அவர் திரையை அணைத்தார். "போய் மாத்துங்க. இந்தமுற ஒருத்தருக்கும் சொந்தமில்லாத சொல்லா வைங்க."

படியெடுத்தவர் யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து ஒரு கள உத்தியோகத்தர் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார். அதே கிழமையில் இருவர் வந்தார்கள். பெயரோ இடமோ சொல்லவில்லை. திரும்பி வந்த பெண்களின் பட்டியல் வேண்டும் என்றார்கள். அலுவலகத் தலைவர் வியர்த்து, அப்படி ஒன்று தமக்குத் தெரியாது என்றார். அது உண்மை. சேரை அழைத்தார்கள். அவர் தலைவரின் கதிரையின் பின்னால் நின்று, "நீங்களே திறந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். தலைவரின் விரல்கள் விசைகளில் தடுமாறும் ஓசையை வாசலில் நின்று கேட்டேன். அவருடைய திரையில் அரிசியும் கூரைத்தகடும் குடும்ப அட்டையும் மட்டும் இருந்தன.

போகும்போது சேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் பின்னேரம் நடந்து வந்தார். கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது, காலை ஊன்றி நடக்கச் சிரமப்பட்டார். சாரதி ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். அன்று அவர் பகிடியோ கேலியோ விடவில்லை.

"என்ன சேர் கேட்ட அவனுகள்?"

"பேர் கேட்டாங்க."

"நீங்க?"

"சொல்லல்ல." யாருக்கென்றில்லாமல் சொன்னார்: "ஒரே ஒரு பேர்தான். அதச் சொன்னா எல்லாப் பேரையும் சொன்ன மாதிரி."

அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அடிபட்ட மனிதரின் பேச்சு என்று விட்டுவிட்டேன். அவர் எழுந்து, பூட்டாமல் விட்டிருந்த என் கணினியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

யுத்தம் முடிந்த ஆண்டில் அலுவலகத்தையும் மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. கணினிகள் வேறிடம் போகவிருந்தன. அதற்கு முன் இரண்டாம் கோப்பை அழிக்க வேண்டும். அழிப்பதைப் பார்த்துக் கையெழுத்திட ஒரு சாட்சி வேண்டும் என்று என்னை அழைத்தார். அது தேவைதானா என்று நான் கேட்டேன். அவர் சிரித்ததாக நினைவு.

அவர் விசைப்பலகையின் முன் அமர்ந்து, தட்டாமல், என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. யன்னல் பக்கம் திரும்பினேன். தோணிகள், வலை, பாலம். பின்னால் விசைகள் மெல்ல ஒலித்தன. கணினி மறுத்து ஒரு சத்தம் எழுப்பியது. நாளுக்குப் பத்துமுறை கணக்கு மாறிப் பழகிய மனிதர், அன்று பிழையாகத் தட்டியிருந்தார். இரண்டாம் முறை ஒவ்வொரு விசையாக, எழுத்துப் பழகும் பிள்ளையைப் போலத் தட்டினார்.

"முடிஞ்சுது" என்றார்.

என் தங்கையின் வரி திரையில் இருந்தது, நான் தட்டியபடியே. பார்த்தேன். பிறகு அவர் அழித்தார். அழித்தால் மட்டும் போதாது என்று, அந்த இடத்தின்மேல் பொருளற்ற எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதவிட்டார். அது முடியப் பின்னேரமானது. சாரதி கொண்டுவந்த தேநீரைக் குடித்தபடி இருவரும் காத்திருந்தோம்.

"ஒரு தாள் இரிக்குதா புள்ள?"

கொடுத்தேன். ஒரு பெயரை எழுதினார். மடிக்காமல் தந்தார்.

"கல்லடிக் கல்லில சேக்கணும். அந்த வரிக்குக் கீழ. இனிக் காரியமில்ல."

பெயரைப் பார்த்தேன். அவரை வண்டியில் ஏற்றிய நாள் நினைவுக்கு வந்தது. குடையை என் மேசையில் வைத்துவிட்டு வெயிலில் நடந்த பெண்ணும் நினைவுக்கு வந்தார். இரண்டாம் கோப்பைப் பூட்டிய சொல் இதுதான்; என் தங்கை உயிரோடு இருந்தது இந்தப் பெயருக்குள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.

"நீங்க மாத்தியிருக்கலாமே சேர். வேற சொல்லப் போட்டுட்டு, இத அவங்களுக்குக் குடுத்திருக்கலாம். ஒரு நிமிச வேலதானே."

"ஓம்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஒவ்வொரு நாளும் வெள்ளன யோசிப்பன், இண்டைக்கு மாத்துவமெண்டு. செய்யாதீங்கண்டு உங்களுக்குப் படிப்பிச்ச பிழதான் புள்ள, நானே விட்ட. மாத்தினா, மறுகா அந்தப் பேர நான் எங்க எழுதுற?"

அதையே நான் அவரிடம் சொன்னபோது அவர் மாற்றச் சொன்னார் என்பதை இருவரும் மறக்கவில்லை. அவர் என் தங்கையைக் காத்தாரா, தம் மகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டாரா என்று நான் இன்றும் கேட்டுக்கொள்வதுண்டு. அத்தனை ஆண்டும் ஒரு தாய்க்கு மறுக்கப்பட்டதற்கு என் வீட்டிலும் பங்கு உண்டு. தங்கைக்கு இது தெரியாது. அவள் இப்போது கடல் இல்லாத ஓர் ஊரில் இருக்கிறாள்.

கல் வெட்டுபவரை நானே ஒழுங்குசெய்தேன். பழைய வரியை அழிக்க முடியாது, கல் பிளந்துவிடும் என்றார். ஆகவே 'பெயரிடப்படாத பெண் குழந்தை' என்பது அப்படியே இருக்க, அதன் கீழே பெயர் வெட்டப்பட்டது. அது என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். கல்லடிக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

உளி முதல் எழுத்தில் விழுந்ததும், என் பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்தோடும் தோளோடும் கடலின் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய மனைவி கல்லின் அருகே குந்தியிருந்து, ஒவ்வோர் எழுத்திலும் தெறித்த தூளைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். உளிச் சத்தம் ஓய்ந்தது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"முடிஞ்சுது. இனித் திரும்புங்க."